அம்மாவின் கொப்பியில் பத்து முட்டை

பின்னத்தைப் படிப்பிக்கத் தொடங்கும் ஆசிரியர் முதலில் கரும்பலகையில் ஒரு வட்டத்தைக் கீறுவார். அதை நான்காகப் பிரிப்பார். ஒரு துண்டுக்குள் வெண்கட்டியால் நிழல் போட்டு, "இது ஒரு கேக் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்பார். நான் படித்த காலத்திலும் அப்படித்தான். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். அந்தக் கேக்கை எந்தப் பிள்ளையும் உண்டதில்லை. அது வெந்ததுமில்லை, கருகியதுமில்லை. மணி அடித்ததும் அழிக்கப்பட்டுவிடும்.

"வைத்துக்கொள்ளுங்கள்" என்ற அந்த ஒரு சொல்லின் மீதே நமது ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது. சில பிள்ளைகளால் அப்படி வைத்துக்கொள்ள முடிகிறது. முடியாத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ "எனக்குக் கணக்கு வராது" என்று தமக்குத் தாமே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அதைச் சுமக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

என் தங்கையின் மகனும் அப்படி ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருந்தான். 2020ஆம் ஆண்டு அவன் ஐந்தாம் வகுப்பு. அவனது தங்கை அப்போதுதான் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டு, 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கொழும்பில் அது மே மாதக் கடைசி வாரம் வரை நீடித்தது. வெள்ளவத்தையில் தங்கையின் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். பிள்ளைகளுக்கான பாடங்கள் வாட்ஸ்அப் மூலம் வந்து குவிந்தன. பெரியவனுக்கு அந்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை. பயிற்சித்தாளைக் கண்டாலே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். நடிப்பல்ல, உண்மையாகவே வலித்தது.

தங்கைதான் ஒரு நாள் பயிற்சித்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் இருவரையும் குசினிக்குக் கூப்பிட்டாள். மேசையில் எங்கள் அம்மாவின் சமையல் கொப்பி திறந்திருந்தது.

அம்மா காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. அவர் யாழ்ப்பாணத்தில் எழுதி வைத்த அந்தக் கொப்பியில் பட்டர் கேக்குக்கான குறிப்பு நான்கே வரிகள். பட்டர் 1 இறாத்தல், சீனி 1 இறாத்தல், கோதுமை மா 1 இறாத்தல், முட்டை 10. எப்படிச் செய்வது என்று ஒரு சொல்லும் இல்லை. எங்கள் வீட்டில் அந்நாளில் அவன் கிடையாது. மாக்கலவையைத் தட்டில் ஊற்றி, துணியால் மூடி, பக்கத்து வெதுப்பகத்துக்குக் கொண்டுபோவோம். பாண் வெந்து முடிந்த போறணையின் எஞ்சிய சூட்டில் அது வேகும். அம்மாவுக்குத் தெரிந்தது அளவு. வெதுப்பகத்துக்காரருக்குத் தெரிந்தது சூடு. இருவருடைய அறிவும் சேர்ந்தே எங்கள் நத்தார்க் கேக் உருவானது.

ஒரு இறாத்தல் கேக் செய்ய ஊரடங்கில் பட்டர் இல்லை. காற்பங்குதான் செய்யலாம் என்றாள் தங்கை. "காற்பங்கு எண்டால் எவ்வளவு, நீயே சொல்லு" என்று கொப்பியைப் பெரியவனிடம் தள்ளினாள். இறாத்தல் என்றால் என்ன என்பதே அவனுக்குத் தெரியாது. 453 கிராமும் சொச்சமும் என்று சொல்லிக் கொடுத்தோம். நான்கால் வகுத்து 113 என்றான். அது பயிற்சித்தாளில் இருந்திருந்தால் அவனுக்கு வயிறு வலித்திருக்கும். இங்கே வலிக்கவில்லை. ஏனென்றால் அந்த வகுத்தலின் மறுகரையில் ஒரு கேக் இருந்தது.

பிரச்சினை முட்டையில் வந்தது. பத்தை நான்கால் வகுத்தால் இரண்டரை.

"மாமா, பாதி முட்டையை எப்படி உடைக்கிறது?"

கலைப்பட்டதாரியான நான் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். சின்னவள் ஒரு வழி சொன்னாள். மூன்றாவது முட்டையை அடித்து, கரண்டி கரண்டியாக இரண்டு கோப்பைகளில் மாறி மாறி ஊற்றினால் பாதி வந்துவிடும். சமனாகப் பிரித்தல் என்ற பாடத்தை ஆறு வயதில் அவள் அந்த இடத்தில் தானாகவே கண்டுபிடித்தாள். ஆனால் பெரியவன் அதற்கிடையில் ஒரு முழு முட்டையைத் தராசில் வைத்துவிட்டான். 57 கிராம். இன்னொன்றையும் வைத்தான். இரண்டும் சேர்ந்து 114. சற்று நேரம் பேசாமல் நின்றான்.

"எல்லாம் ஒரே நிறை எண்டால், முட்டையும் 113தானே வரவேணும்? இரண்டு முட்டையே காணுமே. அப்ப அம்மம்மா ஏன் பத்து எண்டு எழுதினவா? ஒரு இறாத்தலுக்கு எட்டு முட்டை காணும்."

அம்மாவின் கொப்பியை நான் நாற்பது ஆண்டுகளாக அறிவேன். அந்த நான்கு வரிகளுக்குள் இப்படி ஒரு கேள்வி இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். மாவும் சீனியும் பட்டரும் முட்டையும் ஒரே நிறையில் சேர்வதே அந்தக் கேக்கின் இலக்கணம். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரே இறாத்தல் கேக் என்பதுதான். அப்படியானால் அம்மாவின் பத்து எங்கிருந்து வந்தது?

சாவகச்சேரியில் இருக்கும் சித்திக்குத் தொலைபேசி எடுத்தோம். சித்தி சிரித்தார். "அது ஊர்க்கோழி முட்டையடா. அந்த நாளில பண்ணைக் கோழி எங்க இருந்தது? சின்ன முட்டை." ஊரடங்கு தளர்ந்து ஊரிலிருந்து ஒருவர் வந்தபோது சித்தி ஒரு பெட்டி முட்டை கொடுத்தனுப்பியிருந்தார். பெரியவன் ஒவ்வொன்றாக நிறுத்தான். 44, 46, 45. பத்து முட்டை ஏறத்தாழ 450 கிராம். ஒரு இறாத்தல்.

அம்மாவின் கணக்குச் சரியாகவே இருந்தது. தான் ஒருபோதும் பார்த்திராத அம்மம்மாவின் முற்றத்தில் எந்தக் கோழி மேய்ந்தது என்பதை ஒரு வகுத்தற் கணக்கின் மூலம் அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருந்தான். சரித்திர ஆசிரியர்கள் சாசனங்களைக் கொண்டு செய்வதும் ஏறத்தாழ இதைத்தான்.

அதன்பின் அந்த இரண்டு மாதங்களும் குசினி ஒரு வகுப்பறையாயிற்று. வெதுப்புதலுக்கு மற்றச் சமையலுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. குழம்பில் உப்புக் குறைந்தால் இடையில் சேர்க்கலாம், புளி கூடினால் தண்ணீர் விடலாம். கேக்கைப் போறணைக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டால் பின்னர் எதுவும் செய்ய முடியாது. எனவே அளவு அங்கே அலங்காரமன்று, அதுவே விதி. அளந்தது சரியா பிழையா என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, கேக்கே சொல்லிவிடும். சிவப்புப் பேனையால் ஒரு கோடும் விழாது. மிஞ்சிப் போனால், நடுவில் குழிந்துபோன கேக்கைத் தேநீரோடு எல்லோரும் சாப்பிடுவார்கள். பிழை உண்ணப்பட்டுவிடும் ஒரே பாடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

விஞ்ஞானத்துக்கு வருவோம். பாணைப் பொங்கவைக்கும் ஈஸ்டை நமது பாடநூல்கள் மதுவம் என்கின்றன. மூன்று கண்ணாடிக் குவளைகளில் தங்கை தண்ணீர் வைத்தாள். ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் கைபொறுக்கும் இளஞ்சூடு, மூன்றாவதில் கொதிநீர். மூன்றிலும் ஒரே அளவு சீனியும் மதுவமும் இட்டாள். கால் மணி நேரத்தில் நடுக்குவளை நுரைத்து எழும்பியது. குளிர்ந்தது சோம்பிக் கிடந்தது. கொதிநீரில் ஒன்றுமே நிகழவில்லை.

"அது செத்துப்போச்சோ?" என்று சின்னவள் கேட்டாள்.

ஆம், செத்துத்தான் போய்விட்டது. 60 பாகை செல்சியசை நெருங்கும்போதே மதுவம் மடிந்துவிடும். பொதிக்குள் மணல்போல் கிடந்த அந்தத் தூள் உயிருள்ளது என்பதை அவள் புரிந்துகொண்டது அதன் மரணத்தைக் கண்டபோதுதான். நொதித்தலை நிகழ்த்துவது உயிர்களே என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லூயி பாஸ்டர் நிறுவும்வரை ஐரோப்பிய அறிஞர்களே அதுபற்றிப் பிணக்குப்பட்டார்கள். நமது பாட்டிமார் கள்ளு விட்டு அப்பத்துக்கு மாப் புளிக்க வைத்தபோதும் அதே மதுவ இனமே வேலை செய்தது. சீனியை உண்டு அது விடும் காபனீரொட்சைட்டே அப்பத்திலும் பாணிலும் கண் கண்ணாகத் துளைகளாகி நிற்கிறது.

மொழிப்பாடமும் அங்கேயே நடந்தது. பாண் என்பதும் போறணை என்பதும் போர்த்துக்கேயச் சொற்கள். நாம் நின்றுகொண்டிருந்த குசினியும் போர்த்துக்கேயம்தான். மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் என்று சின்னவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே போனாள். 1505இல் இந்தத் தீவுக்கு வந்து, 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்துபோனவர்கள் விட்டுச்சென்றவை கோட்டைகள் மட்டுமல்ல. கோட்டைகள் இடிந்தன, சொற்கள் நம் அடுப்படியில் இன்னும் குடியிருக்கின்றன. கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை என்பதையும், கப்பலில் வரும் அது திருகோணமலைச் சீனன்குடாவில் மாவாக அரைபடுகிறது என்பதையும் பெரியவன் தேசப்படத்தில் தேடிக் கண்டுபிடித்தான். 1994 தேர்தற் காலத்தில் பாணின் விலையே, 3 ரூபா 50 சதம், ஓர் அரசியற் சுலோகமாக ஒலித்ததை நான் சொன்னேன். ஒரு இறாத்தல் பாணுக்குள் கணிதமும் விஞ்ஞானமும் மட்டுமல்ல, ஆட்சி மாற்றங்களும் இருக்கின்றன.

ரொறன்ரோவில் எங்கள் ஒன்றுவிட்ட சகோதரியின் மகளுக்கும் அப்போது பாடசாலை இல்லை. அவளும் தாயோடு கேக் அடிக்கத் தொடங்கியிருந்தாள். வீடியோவில் இரு குசினிகளும் சந்தித்துக்கொண்டன. அங்கே 350 என்கிறார்கள், இங்கே 180 என்கிறோம். எது கூடச் சூடு என்று பெரிய வாக்குவாதம். ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, 32ஐக் கூட்டினால் 356 பாரன்ஹைட் வரும், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்று பெரியவன் அறிவித்தான். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. ஆனால் "மா அரிக்கிறது", "முட்டை அடிக்கிறது", "குழைக்கிறது", "பொங்குது", "சிவந்திட்டுது" என்ற சொற்கள் அந்தக் கிழமைகளில் அவள் வாயில் ஏறிவிட்டன. அவளது தாய் பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பிப் பெற முயன்றது இது. வினைச்சொல்லைக் கற்க வேண்டுமானால் அந்த வினையைச் செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து நான் அறிந்த இலக்கணம்.

இவையெல்லாம் புதிய சிந்தனைகள் அல்ல. அமெரிக்கக் கல்வியாளர் ஜோன் டூயி 1896இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பரிசோதனைப் பாடசாலையில் சமையலும் நெசவும் தச்சு வேலையும் பாடத்திட்டத்தின் நடுவிலேயே இருந்தன. அங்கே முட்டையைச் சூடாக்கி அது எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த பிள்ளைகளில் ஒன்று, சமையற் புத்தகத்தைப் பார்த்துச் செய்தால் என்ன என்று பொறுமையிழந்து கேட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். மரியா மொன்டிசோரி 1907இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் தொடங்கிய பிள்ளைகள் இல்லத்தில் ஊற்றுவதும் துடைப்பதும் பரிமாறுவதும் பாடங்களாயின. அவரது பெயர் நம் நாட்டில் பாலர் பாடசாலைக்கே பெயராகிவிட்டது. ஆனால் நமது மொன்டிசோரிகளில் பலவற்றில் நான்கு வயதுப் பிள்ளை கோடு போட்ட கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறது. காந்தியடிகள் 1937இல் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்தது. இலங்கையில் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன் பாடங்களைக் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. கையால் கற்பது கடைத்தரமான கல்வி என்று பெற்றோர் எண்ணியதும் அவை வேரூன்றாமற் போனதற்கு ஒரு காரணம். நாம் வெள்ளைச் சட்டை உத்தியோகத்தை நேசித்த சமூகம்.

இதை வாசித்துவிட்டு நாளைக்கே பிள்ளைகளைக் குசினிக்கு இழுத்துச் செல்ல எண்ணும் பெற்றோருக்குச் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்கு எண்ணுவதும், பெரிது சிறிது காண்பதும், முதலில் எது பிறகு எது என்று வரிசைப்படுத்துவதும் போதும். ஏழு வயதில் தராசும் மணிக்கூடும். பின்னமும் விகிதமும் வெப்பநிலையும் ஒன்பது வயதுக்கு மேல். வேகவைத்துப் பார்ப்பதற்கு முன், "எப்படி வரும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். வெந்தபின் அந்த விடையை ஞாபகப்படுத்துங்கள். சூடான தட்டைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும். கேக்கை வெட்டுவதையும் பிள்ளைகளிடமே விடுங்கள், ஒரு நிபந்தனையோடு: வெட்டுபவர் கடைசியில் எடுக்க வேண்டும். சின்னவள் வெட்டிய துண்டுகளைப்போல் சமமான துண்டுகளை நான் கண்டதில்லை. நீதி என்பது என்ன என்பதற்கு இதைவிட எளிய விளக்கத்தை நான் பல்கலைக்கழகத்திலும் கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதையும் ஒரு ரியூஷன் வகுப்பாக்கிவிடாதீர்கள். கேக் வேகும்போது பயிற்சித்தாளை நீட்டினால் பிள்ளை அடுத்த முறை குசினிப் பக்கம் வராது.

பட்டரும் முட்டையும் எல்லா வீட்டிலும் இல்லை என்பதையும் அறிவேன். 2022இல் எரிவாயு வரிசையில் நாட்கணக்கில் நின்றவர்களை நான் எழுதியிருக்கிறேன். மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அப்போது எங்கள் அவனும் மூலையில் கிடந்தது. தங்கை பழைய முறைக்குத் திரும்பினாள். பெரிய பானையில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, உள்ளே தட்டை வைத்து, மூடியின் மேல் தணலைக் கொட்டினாள். பட்டர் இல்லாமல் வெறும் பணிஸ்தான் வெந்தது. அதிலும் சூடு கீழிருந்து எப்படி வருகிறது, மேலிருந்து எப்படி வருகிறது என்ற பாடம் இருந்தது. அதுவும் முடியாத வீட்டில் ஒரு ரொட்டியை நான்காகப் பிய்த்தாலும் பின்னம் பின்னம்தான். வேண்டியது அவன் அன்று. பக்கத்தில் நின்று கேள்வியைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு பெரியவர்.

புலமைப்பரிசில் பரீட்சை 2020 ஒக்டோபர் 11ஆம் திகதி நடந்தது. பெறுபேறு வந்தபோது பெரியவன் வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. உறவினர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் தொலைபேசி எடுத்தார்கள். கேக் செய்து விளையாடியதன் பலன் என்று சொன்னவர்களும் உண்டு. தங்கை யாரோடும் வாதிடவில்லை. இரண்டு மாதக் குசினி ஐந்தாண்டுப் பயத்தைத் துடைத்துவிடும் என்று அவளும் நினைத்ததில்லை. ஆனால் அவனுக்கு வயிற்றுவலி நின்றிருந்தது. அது எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் பதிவாகவில்லை.

2024 பெப்ரவரியில் பாணின் நிறையை நிர்ணயித்து ஒரு வர்த்தமானி வெளிவந்தது. ஒரு முழுப் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராம்வரை குறையலாம். அரை இறாத்தல் 225 கிராம்; 9 கிராம்வரை குறையலாம். செய்தியை நான் வாசித்துச் சொன்னபோது, முழுப் பாணுக்கு 3 வீதம், அரைப் பாணுக்கு 4 வீதம் சலுகையா என்று பெரியவன் உடனே கேட்டான். அன்று மாலை கடையில் வாங்கிவந்த பாணைத் தராசில் வைத்தான். 421 கிராம். கொப்பி ஒன்றில் எழுதிக் கழித்து, வகுத்து, ஆறு வீதத்துக்கு மேல் குறைகிறது என்றான். பாணைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் புறப்பட்டான். நானும் பின்னால் போனேன்.

"தம்பி, ஆறினால் ஈரம் போய் நிறை குறையும்" என்றார் கடைக்காரர்.

"அதுக்குத்தானே 13.5 கிராம் விட்டிருக்கினம்" என்றான் இவன், குரலை உயர்த்தாமல்.

கடைக்காரர் அவனைப் பார்த்தார். பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு, பேசாமல் வேறொரு பாணை எடுத்து நிறுத்துக் கொடுத்தார். வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா தன் கையிலிருந்த பாணையும் தராசில் வைக்கும்படி நீட்டினார்.